இதழ்களில் கவிதை: இடமும் தேர்வும்

தமிழில் கவிதை எழுதத் தொடங்குபவருக்கு 'இதழில் வந்தது' என்பதே முதல் அங்கீகாரம். தொகுப்பு, விருது, மேடை எல்லாம் அதற்குப் பிறகுதான். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில், ஏரிப்பாசனக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதும் கல்லூரி மாணவருக்கு இதழ் என்பது ஒரு முகவரி மட்டுமே. முன்பு அது சென்னை, கோவை, நாகர்கோவில் என்று ஏதோ ஓர் ஊரின் தெருப்பெயராக இருந்தது; இப்போது மின்னஞ்சலாக இருக்கிறது. அனுப்பிய கவிதை அச்சானால் ஏன் அச்சானது என்று அவருக்குத் தெரியாது. அச்சாகாவிட்டால் ஏன் ஆகவில்லை என்பதும் தெரியாது.

தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாறு பெரும்பாலும் இதழ்களின் வரலாறுதான். ஆனால் இதழ்கள் கவிதைக்கு 'இடம் கொடுத்தன' என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. இடம் கொடுத்த இதழ்கள் எத்தனையோ வந்து போயின. கவிதையின் போக்கை மாற்றியவை, எதை வெளியிடுகிறோம், ஏன் வெளியிடுகிறோம் என்று வெளிப்படையாகப் பேசிய இதழ்களே. இந்த வேறுபாட்டை மறந்ததால்தான் இன்று இடம் பெருகியும் கவிஞருக்குக் கிடைக்கும் பயன் குறைந்திருக்கிறது.

கல்லில் எழுதிய தகுதி

தேர்வு என்றதும் உத்திரமேரூர் நினைவுக்கு வருவது இயல்பு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. வாரிய உறுப்பினராக விரும்புபவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபையோர் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, அனைவரும் அறிய வாசித்தனர்.

இந்த விதிகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தகுதியும் தகுதிக்கேடும் எழுதப்பட்டுக் கோயில் சுவரில் அனைவர் கண்ணிலும் படும்படி இருந்தன. மற்றொன்று, அப்படி எழுதப்பட்டதாலேயே அவை நியாயமானவை ஆகிவிடவில்லை. நிலமற்றோர், பெண்கள், வேதக் கல்விக்கு உரிமை மறுக்கப்பட்டோர் ஆகிய பெரும்பான்மையினர் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றனர். ஆனால் யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்பதை ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் ஒருவர் படித்துக் கேள்வி கேட்க முடிகிறது. எழுதி வைத்த விதியை எதிர்த்து வாதிட வழி உண்டு. எழுதாத விதியின் முன் ஊகிக்க மட்டுமே முடியும்.

இலக்கிய இதழின் தேர்வையும் இதே இரண்டு கேள்விகளைக் கொண்டு மதிப்பிடலாம்: அளவுகோல் சொல்லப்பட்டதா? அந்த அளவுகோல் யாரை வெளியே நிறுத்தியது?

'எழுத்து' செய்த வேலை

ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' 1934-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்ததைப் புதுக்கவிதையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். அடுத்த பத்தாண்டுகளில் 'கலாமோகினி', 'கிராம ஊழியன்' ஆகியவை வசன கவிதைக்கு இடமளித்தன. இவற்றுள் 'கிராம ஊழியன்' திருச்சி மாவட்டத்துச் சிற்றூரான துறையூரிலிருந்து வந்தது. கு.ப. ராஜகோபாலனும் பின்னர் வல்லிக்கண்ணனும் அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தனர். இலக்கிய இதழ் தலைநகரத்தில்தான் நடக்க முடியும் என்பது அன்றே பொய்யாகியிருந்தது.

ஆயினும் புதுக்கவிதை ஓர் இயக்கமாக உருப்பெற்றது சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' இதழில்தான். செல்லப்பா அதை முதலில் விமர்சன ஏடாகவே நினைத்தார். கவிதை அதனுள் வந்தது விமர்சனத்தின் துணையோடு. முதல் ஆண்டிலேயே நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்ற பெயரில் 'உன் கை நகம்' கவிதையுடன் வந்தார். 1960-இல் இலங்கையின் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதத் தொடங்கினார். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட அவருக்கு அப்போது வயது இருபதை ஒட்டியே இருந்தது. சி. மணி, எஸ். வைதீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன், நகுலன் எனப் பட்டியல் நீண்டது.

இவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் அறியாதவர்கள். தபாலில் வந்த கவிதைகளைத் திருவல்லிக்கேணியில் இருந்த ஓர் ஆசிரியர் படித்தார். திருகோணமலை இளைஞரின் பெயரைப் பார்த்து அவர் கவிதையை எடுத்திருக்க முடியாது. அந்தப் பெயருக்கு அன்று மதிப்பே இல்லை. கவிதையைப் பார்த்துத்தான் எடுத்திருக்க வேண்டும். வெளியிட்டதோடு அவர் நிற்கவும் இல்லை. புதிய கவிதை ஏன் வேண்டும், யாப்பைத் துறந்த பின் கவிதையைக் கவிதையாக்குவது எது, படிமம் என்றால் என்ன என்ற விவாதம் அதே இதழில் நடந்தது. கவிதை எழுதியவர்களே கவிதை பற்றிய கட்டுரைகளும் எழுதினர். ஓர் இதழில் வந்த கவிதைக்கு அடுத்த இதழில் எதிர்வினை வந்தது. 1962-இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து 'புதுக்குரல்கள்' என்ற நூலாகச் செல்லப்பா வெளியிட்டபோது, அந்தத் தேர்வுக்குப் பின்னால் மூன்றாண்டு விவாதம் இருந்தது.

'எழுத்து' 1970 வரை 119 இதழ்கள் வந்து நின்றது. அதன் வாசகர் எண்ணிக்கை எப்போதும் சிறியது. புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் செல்லப்பா. வணிக நோக்கில் பார்த்தால் அது தோல்வி. ஆனால் அதே காலத்தில் அதைப் போல் பல மடங்கு விற்ற இதழ்களில் வந்த கவிதைகளுள் இன்று பேசப்படுபவை மிகக் குறைவு.

இங்கே இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும். 'எழுத்து' யாரை வெளியே நிறுத்தியது? அதன் கவிதைகள் பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்க ஆணின் தனிமையையும் தத்துவச் சலிப்பையும் பேசின. இரா. மீனாட்சியைப் போன்ற பெண் குரல் அதில் அரிது. உழைப்பு, சாதி, பசி ஆகியவை அந்தப் பக்கங்களில் அதிகம் தென்படவில்லை. இந்தக் குறையை எதிர்த்தே அடுத்த அலை வந்தது. 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' தன்னை 'விலையிலாக் கவிமடல்' என்று அறிவித்துக்கொண்டு புறப்பட்டது. காசு கொடுத்து வாங்க முடியாதவரையும் வாசகராக எண்ணியதால்தான் அந்த அடைமொழி. சமூக மாற்றத்தைப் பேசும் கவிதையே அதன் அளவுகோல். சிற்பி, புவியரசு, கங்கை கொண்டான், சக்திக்கனல் முதலியோர் அதில் எழுதினர். முழக்கம் மிகுந்துவிட்டது என்ற விமர்சனம் அதன் மீது வந்தது; அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் 'வானம்பாடி' தன் அளவுகோலை மறைக்கவில்லை. எழுத விரும்பியவருக்கு அந்த இதழ் எதை ஏற்கும் என்பது தெரிந்திருந்தது. ஏற்காதவர்கள் எதிர்த்து எழுதவும் முடிந்தது. வல்லிக்கண்ணனின் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' இந்த மோதல்களைப் பதிவு செய்த நூல். அது 1978-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்த நூலும் முதலில் 'தீபம்' இதழில் தொடராக வந்ததே.

பக்கத்தின் அளவும் கவிதையின் வடிவமும்

தேர்வைப் போலவே, இதழின் பக்கமும் கவிதையைத் தீர்மானிக்கிறது. இது அதிகம் பேசப்படாத செய்தி.

சி. மணியின் 'நரகம்' 1962-இல் 'எழுத்து'வில் வந்த நீள்கவிதை. நகர வாழ்வின் காமத்தையும் வெறுமையையும் பகுதி பகுதியாக விரித்துச் செல்வது. அத்தனை பக்கங்களை ஒரு கவிதைக்குக் கொடுக்க ஓர் ஆசிரியர் முன்வந்ததால் அது தமிழில் நிகழ முடிந்தது. பின்னர் சி. மணியே சேலத்திலிருந்து 'நடை' இதழை நடத்தினார். ஞானக்கூத்தனின் தொடக்ககாலக் கவிதைகள் அதில் வந்தன. 1970-இல் தொடங்கிய 'கசடதபற', 1978-இல் ஆத்மாநாம் தொடங்கிய 'ழ' ஆகியவையும் கவிதையைப் பக்கத்தின் நிரப்பியாக நடத்தவில்லை. 'ழ' கவிதைக்கென்றே வந்த இதழ்.

வெகுசன வார இதழில் கவிதையின் நிலை வேறு. கதை முடிந்து மீதமிருக்கும் கால் பக்கம், விளம்பரத்துக்கும் துணுக்குக்கும் இடையே ஒரு கட்டம், அல்லது ஓவியத்தின் மேல் அச்சிட்ட எட்டுப் பத்து வரிகள். இந்த இடத்துக்குப் பொருந்தும்படி ஒரு கவிதை வடிவமே உருவானது. முதல் சில வரிகளில் ஒரு காட்சி. நடுவில் ஒரு இடைவெளி. கடைசி வரியில் ஒரு திருப்பம். வாசகர் 'அட' என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புவார். வரதட்சிணை, முதியோர் இல்லம், மரம் வெட்டுதல், கைபேசி எனப் பொருள் எதுவானாலும் அமைப்பு ஒன்றுதான். ஹைக்கூ என்ற பெயரில் வந்தவற்றுள் பெரும்பகுதியும் மூன்று வரியில் அடைக்கப்பட்ட இதே திருப்பம்தான்.

வார இதழ்களின் கவிதைப் பக்கங்களை இழிவாகப் பேசுவது சிற்றிதழ் வட்டாரத்தில் வழக்கம். அது நியாயமன்று. சிற்றிதழ் என்ற சொல்லே எட்டாத ஊர்களுக்கு, முடிதிருத்தகத்தின் மேசை வழியாகவும் பேருந்து நிலையக் கடை வழியாகவும் புதுக்கவிதையைக் கொண்டு சேர்த்தவை அவையே. 'ஆனந்த விகடன்' 'சொல்வனம்' என்ற பகுதியை ஒதுக்கியது போன்ற முயற்சிகளால் புதியவர் பலர் அறிமுகமாயினர். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இதழில் வருவதே குறிக்கோள் என்று கொண்ட இளம் கவிஞர் அந்தக் கட்டத்தின் அளவுக்குத் தம் அனுபவத்தை வெட்டிக்கொள்கிறார். சம்பாப் பட்டம் பொய்த்த ஓர் ஆண்டையும், ஏரியில் நீர் நிற்காமல் போனதன் காரணத்தையும் எட்டு வரியில் சொல்லிக் கடைசியில் திருப்ப முடியாது. அதனால் அவை எழுதப்படாமலே போகின்றன.

காஞ்சி மண்ணிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

இவ்வட்டாரத்திலிருந்து எழுதிப் பெரும் வாசகப் பரப்பை அடைந்தவர் நா. முத்துக்குமார் (1975–2016). காஞ்சிபுரத்தை அடுத்த கன்னிகாபுரத்தில் பிறந்தார். காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் இயற்பியலும், பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் தமிழும் படித்தார். பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்தார். திரைப்பாடலுக்கு இரண்டு முறை தேசிய விருது பெற்றார். 'பட்டாம்பூச்சி விற்பவன்', 'நியூட்டனின் மூன்றாம் விதி', 'குழந்தைகள் நிறைந்த வீடு' முதலியவை அவருடைய கவிதை நூல்கள்.

அவருடைய தொடக்ககாலக் கவிதைகளுள் மிகவும் அறியப்பட்டது 'தூர்'. எழுத்தாளர் சுஜாதா அதை மேடையில் வாசித்துப் பாராட்டியதிலிருந்து அதன் புகழ் தொடங்கியது. ஆண்டுதோறும் வீட்டுக் கிணற்றில் தூர் வாரும் நிகழ்ச்சிதான் கவிதையின் களம். சேற்றிலிருந்து வீட்டில் எப்போதோ தொலைந்துபோன பொருள்கள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. குடும்பமே கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது. கிணற்றைத் தவறாமல் தூர் வாரிய அப்பா, அம்மாவின் மனத்துக்குள் படிந்ததை வாரவே இல்லை என்ற இடத்தில் கவிதை முடிகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் முன்னர்ச் சொன்ன 'கடைசி வரித் திருப்பம்' கொண்ட கவிதைதான். அப்படியிருக்க, அந்த வகையின் நூற்றுக்கணக்கான கவிதைகள் மறைந்துபோக இது ஏன் நிற்கிறது? காரணம் திருப்பத்தில் இல்லை. அதற்கு முன் உள்ள பகுதியில் இருக்கிறது. தூர் வாருதல் அக்கவிதையில் உவமைக்காகக் கொண்டுவரப்பட்ட பொருள் அல்ல. அது முதலில் உண்மையான வேலையாக, ஓசையும் சேறும் ஆளரவமும் கொண்டதாக நடக்கிறது. ஏரியும் கிணறுமாக வாழ்ந்த இந்த மாவட்டத்துக்கு அந்த வேலை அன்றாடம் அறிந்தது. ஏரியைக் கவனிக்கவென்றே ஏரி வாரியம் அமைத்த ஊர் உத்திரமேரூர். நீர்நிலையின் அடியில் படிவது என்ன, வாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மண்ணில் வளர்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த அறிவை நம்பி எழுதியதால், கடைசியில் அம்மாவின் மனம் என்று சொல்லும்போது அது சாமர்த்தியமாக ஒலிக்காமல் குற்ற உணர்வாக ஒலிக்கிறது. கவிதையின் குறையும் அங்கேதான்: அம்மாவுக்காக மகன் பேசுகிறான், அம்மா பேசவில்லை. இதை ஒரு பெண் எழுதியிருந்தால் சேற்றிலிருந்து வந்த பொருள்களின் பட்டியலே மாறியிருக்கக்கூடும்.

முத்துக்குமாரின் வாழ்க்கையைக் 'கிராமத்திலிருந்து வந்து வென்றவர்' என்ற கதையாகச் சொல்வது எளிது. அந்தக் கதை மாணவர்களைத் தவறான இடத்தில் நம்பிக்கை வைக்கச் செய்கிறது. அவருடைய தந்தை தமிழாசிரியர். வீட்டில் பெரிய நூலகம் வைத்திருந்தவர். அச்சில் வருவதற்குப் பல ஆண்டு முன்பே மகன் வாசகனாகியிருந்தான். பிறகு, ஊர் பேர் தெரியாத இளைஞனின் கவிதையைப் படித்து, அது ஏன் நல்ல கவிதை என்று பொதுவில் சொல்லும் ஒரு மூத்த எழுத்தாளர் கிடைத்தார். சுஜாதா 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் பல ஆண்டு செய்துவந்ததும் இதுவே: தமக்குப் பிடித்த கவிதையை எடுத்துக் காட்டிக் காரணம் சொல்வது. அவருடைய ரசனையோடு உடன்படாதவர் பலர். ஆனால் உடன்படாமல் இருக்கவும் காரணங்கள் வேண்டியிருந்தன.

ஆக, கன்னிகாபுரத்துக் கவிஞருக்குக் கிடைத்தவை இரண்டு: முன்னால் ஒரு நூலகம், பின்னால் ஒரு வாசகர். இவற்றுக்கு இடையில் இருந்த அச்சுப் பக்கம் ஒரு பாலம் மட்டுமே.

இடம் பெருகியது, வாசிப்பு சுருங்கியது

இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. 1999-இல் 'திண்ணை' தொடங்கிய காலம் முதல் இணைய இதழ்கள் பல வந்தன. தபால் செலவு இல்லை, பக்கக் கட்டுப்பாடு இல்லை, நீள்கவிதைக்கும் தடையில்லை. கிராமத்திலிருந்து அனுப்பும் கவிதை சில நொடிகளில் ஆசிரியரைச் சேர்கிறது. இணைய இதழ்களுள் சில கவிதைகளைக் கவனமாகத் தேர்ந்து, விமர்சனத்தோடு வெளியிடுகின்றன. சமூக ஊடகத்திலோ ஆசிரியரே தேவையில்லை.

ஆனால் ஆசிரியர் நீங்கிய இடத்தில் விருப்பக்குறிகளின் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. விருப்பக்குறி, கவிதையின் எந்த வரி தளர்ந்திருக்கிறது என்று சொல்லாது. ஒரு கவிதைக்கு இருநூறு பேர் கைதட்டி, ஒருவர்கூட அதைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதாத நிலை, கவிஞருக்கு மறுப்பைவிடக் கெடுதல் செய்கிறது.

இதைவிடக் கவலைக்குரியது கட்டணத் தொகுப்பு. 'நூறு கவிஞர்கள்' என்பது போன்ற பெயரில் அறிவிப்பு வரும். பங்களிப்புத் தொகை என்று ஒரு பணம் கேட்கப்படும். கட்டியவர் எல்லோருடைய கவிதையும் அச்சாகும். இரண்டு பிரதியும் சான்றிதழும் ஒரு பட்டமும் கொடுக்கப்படும். விழாவில் பொன்னாடையும் உண்டு. இந்த நூல்கள் கடைக்கு வருவதில்லை. பங்கேற்றவர்களின் வீட்டு அலமாரிகளில் முடிந்துவிடுகின்றன. இவற்றில் சேர்பவர்களுள் பலர் சிற்றூர் மாணவர், பள்ளி ஆசிரியர், வேலைக்குப் போகாத பெண்கள். இலக்கிய வட்டத்துக்குள் வேறு வழியாக நுழையத் தெரியாதவர்கள். அவர்களுடைய ஏக்கமே இந்த வியாபாரத்தின் முதலீடு.

செலவைப் பகிர்ந்து நூல் வெளியிடுவது தன்னளவில் தவறன்று. தமிழ்ச் சிற்றிதழ்கள் பல நண்பர்கள் கைக்காசு போட்டு நடந்தவையே. முகப்பில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிட்டு, சில நூறு பிரதிகளோடு ஊர் ஊராகச் சென்றவை அவை. கையெழுத்துப் பத்திரிகையும், உருட்டச்சு இதழும், இன்லண்ட் கடிதத்தில் வந்த இதழும் இந்த மரபில் உண்டு. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே பணம் போட்டவர் கவிதையும் வேண்டாம் என்று ஒதுக்கப்படலாம், கட்டணத் தொகுப்பில் எதுவும் ஒதுக்கப்படாது. எதையும் மறுக்காத இடத்தில் ஏற்கப்பட்டதற்குப் பொருள் இல்லை. குடத்தில் போட்ட எல்லா ஓலையையும் வெளியே எடுத்தால் அது தேர்வாகாது.

மறுப்பு என்னும் கடன்

பல தமிழ் இதழ்கள் மறுப்பைத் தெரிவிப்பதே இல்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு வரவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு நியாயம் உண்டு. சிற்றிதழ் ஆசிரியர் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஊதியமின்றி இதழ் நடத்துபவர். வரும் கவிதைகளுக்கெல்லாம் கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத முடியாவிட்டாலும் மூன்று காரியங்கள் செய்ய முடியும். எத்தகைய கவிதையை இதழ் எதிர்பார்க்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது எழுதலாம். வெளியிட்ட கவிதைகளுள் ஒன்றிரண்டை எடுத்து, அவற்றை ஏன் தேர்ந்தோம் என்று ஒரு பக்கம் விவாதிக்கலாம். பெயரில்லாமல் வந்த கவிதைகளைப் படிப்பது போலவே எல்லாக் கவிதைகளையும் முதல் வாசிப்பில் படிக்க ஏற்பாடு செய்யலாம். அறிந்த பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

அனுப்புபவருக்கும் கடமை உண்டு. ஓர் இதழின் நான்கு எண்களையாவது படிக்காமல் அதற்குக் கவிதை அனுப்புவது, அங்கே நடக்கும் பேச்சைக் கேட்காமல் நடுவில் புகுந்து பேசுவது போன்றது. ஒரே கவிதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்புவதும் ஆசிரியரின் உழைப்பை மதிக்காத செயல். கவிதையின் படியைக் கையில் வைத்துக்கொள்வது கட்டாயம். உரிமை பற்றிய அச்சமும் தேவையில்லை: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கொடுத்தாலன்றி, இதழில் வெளிவந்த கவிதையின் உரிமை பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். பின்னர் தம் தொகுப்பில் சேர்க்க அவருக்குத் தடையில்லை. கையெழுத்திடும் எந்தப் படிவத்தையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது கட்டணத் தொகுப்பில் சேர்பவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது நூலகம். 1948-ஆம் ஆண்டிலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. கிளை நூலகத்தில் நாளிதழும் போட்டித் தேர்வு நூலும் கிடைக்கும் அளவுக்குக் கவிதை இதழ்கள் கிடைப்பதில்லை. எழுதுபவர் அச்சில் தம் பெயரைத் தேடுவதற்கு முன், அச்சில் பிறர் கவிதையைத் தேடிப் படிக்க ஓர் இடம் வேண்டும். சிற்றூர்க் கல்லூரியின் தமிழ்த்துறை ஐந்தாறு இதழ்களுக்குச் சந்தா கட்டி, மாதம் ஒருமுறை மாணவர்களைக் கூட்டி ஒரு கவிதையை மட்டும் விவாதித்தாலும், கட்டணத் தொகுப்புக்குப் பணம் கட்டும் மாணவர் எண்ணிக்கை குறையும்.

மதிப்பீடு

1904-இல் மதுரையிலிருந்து வந்த 'விவேகபானு'வில் பாரதியின் 'தனிமை இரக்கம்' அச்சானது. அவருடைய கவிதை ஒன்று அச்சில் வந்தது அதுவே முதல்முறை. அந்தக் கவிதைக்காக யாரும் இன்று பாரதியைப் படிப்பதில்லை. அச்சில் வந்த முதல் கவிதை ஒருவரைக் கவிஞராக்குவதில்லை. அதற்குப் பின் அவர் எதைப் படித்தார், யாரோடு வாதிட்டார், எதைக் கைவிட்டார் என்பதே ஆக்குகிறது. இதழ் அந்த வாதத்துக்கான களமாக இருந்தபோது தமிழ்க் கவிதை வளர்ந்தது. பெயர் அச்சாகும் பலகையாக மட்டும் ஆனபோது பெயர்கள் பெருகின.

இதழ்களின் கவிதைப் பங்களிப்பை எத்தனை கவிஞர்களை வெளியிட்டன என்று எண்ணிக் கணக்கிடுவது இலக்கிய வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. எத்தனை கவிதைகளைப் பற்றி அவை காரணத்தோடு பேசின என்பதே சரியான அளவு. உத்திரமேரூர்ச் சபை தன் விதிகளில் பலரை விலக்கியது. ஆனாலும் விலக்கியதைச் சுவரில் எழுதியது. அதனால் அந்தச் சுவரோடு இன்றும் வாதிட முடிகிறது. தம் கவிதை ஏன் திரும்பி வந்தது என்று தெரியாமல் அதே ஊரில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அந்த அளவு மரியாதையையாவது ஓர் இதழ் தர வேண்டும்.